ஈரக் காலுறையின் மூன்றாம் பாகம்

போன கிழமை மகளின் கடவுச்சீட்டு அலுவலாக ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். டெர்மீன், அதுதான் சந்திக்கும் நேரம், கேட்டு எடுத்தால் இந்த ஜெர்மனியில் முதலில் ஓர் இயந்திரக் குரல் வந்து பொறுமையாக இருக்கச் சொல்லும். பிறகு இசை போடுவார்கள். வழக்கமாக அது நித்திரையில் வாசித்த பியானோ மாதிரி இருக்கும். அன்றைக்கு வந்தது ஒரு ஐரிஷ் ரீல். பிடிலும் புல்லாங்குழலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு, தகரக் குழாய்க்குள்ளால் வருகிற மாதிரி வந்தது. நான் தொலைபேசியை அலுமாரித் தட்டில் நிமிர்த்தி வைத்துவிட்டு, வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த அகப்பையோடு குசினிக்குள் ஆடத் தொடங்கினேன். எனக்கு ஆடத் தெரியாது. வலது முழங்காலும் இப்போதெல்லாம் என் பேச்சைக் கேட்பதில்லை. ஆனாலும் ஆடினேன். கடைசியில் ஒரு பெண் குரல் வந்து என்ன அலுவல் என்று கேட்டபோது எனக்கு மூச்சு வாங்கியது. தயவுசெய்து இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்க விடுங்கள் என்று சொல்ல வாய் உன்னியது. வெங்காயம் கருகிப் போயிற்று.

கருகிய வெங்காயத்தின் அந்த மணம் இருக்கிறதே, அது என்னை நேரே பல வருடங்களுக்கு முந்தின ஹம்பேர்க்கில், ஆல்டோனாப் பக்கத்து மதுக்கடையொன்றின் பின்மேசைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டது. அங்கே வெங்காயத்தை வளையம் வளையமாகப் பொரிப்பார்கள். பாதி கருகித்தான் வரும். புதன்கிழமைகளில் அந்த மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்து ஐரிஷ் மெட்டுகள் வாசிப்பார்கள். ஜெர்மன்காரர், ஒரு ஐரிஷ்காரி, ஒரு டென்மார்க்காரன், நடுவில் மாங்காய்ச் சம்பல் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு நான். மதுக்கடைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. இசைப் பயிற்சி என்றுதான் சொன்னேன். அது பொய்யும் இல்லைத்தானே.

அங்கே நான் போய்ச் சேர்ந்தது டெட்லெஃபால். அப்போது நான் காது கேட்கும் கருவிகள் விற்கும் கடையொன்றில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்துவிட்டு அங்கேயே வேலைக்கு இருந்தேன். டெட்லெஃப்தான் முதலாளி. ஐம்பதைத் தொட்ட ஆள், தாடியெல்லாம் சீனிப்பாகு நிறம், நிலைப்படிக்குக் குனிந்துதான் வருவார். யாருக்காவது புதுக் கருவி பொருத்தினால், அவர்கள் முதலில் கேட்கும் சத்தம் அழகாக இருக்கவேண்டும் என்று சொல்லி மேசை லாச்சியை இழுத்து அதற்குள்ளிருந்து மரப் புல்லாங்குழலை எடுத்து ஊதிக் காட்டுவார். சிலர் அழுவார்கள். சிலர் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார்கள். நான் சின்ன வயதில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வயலின் பழகினவள் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த புதன்கிழமை மதுக்கடை மேசையடியில் எனக்கொரு கதிரை போட்டிருந்தது.

ஒன்று சொல்லவேண்டும். இவர்கள் எல்லாரும் என்னோடு பேசியது ஜெர்மன் மொழியில்தான். ஆனால் என் நினைவில் டெட்லெஃபும் மற்றவர்களும் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைக்கிறார்கள். ஏன் என்று தெரியவில்லை. பொருத்தமாகவும் இருக்கிறது. ஆகவே அப்படியே எழுதிவிடுகிறேன்.

ரீல் என்றால் என்ன என்று கேட்பீர்கள். ஆட்டத்துக்கு வாசிக்கிற வேகமான மெட்டு. ஒரு பாகத்தை இரண்டு தரம் வாசிப்பார்கள், அடுத்த பாகத்தை இரண்டு தரம் வாசிப்பார்கள், பிறகு மூச்சுவிடாமல் முதலில் இருந்து. பல்லவியும் அனுபல்லவியும் மட்டும் உள்ள, சரணமே இல்லாத பாட்டு மாதிரி. அம்மா ஒருநாள் என் அறை வாசலில் நின்று கேட்டுவிட்டு, "இது என்ன பிள்ளை, நிப்பாட்டத் தெரியாதவையின்ர பாட்டே?" என்றார். அதைவிடச் சுருக்கமாக யாரும் இன்றுவரை விளக்கவில்லை.

அந்த மேசையில் நூலா இருந்தாள். அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு பண்ணையில் பிறந்தவள். மாலை வகுப்புகளில் ஆங்கிலம் படிப்பித்தாள். சுருதிப்பெட்டி குட்டி போட்டால் எப்படி இருக்குமோ அப்படியொரு சின்னத் துருத்திப் பெட்டியை மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பாள். டெட்லெஃபும் அவளும் சேர்ந்து வாழத் தொடங்கி வெகுகாலம். அந்த மாசியில் திடீரென்று கலியாணம் செய்யப் போகிறோம் என்றார்கள். மேசை முழுக்கக் கைதட்டியது. கருகின வெங்காயம் இன்னொரு தட்டு வந்தது.

கலியாணத்தில் எந்த மெட்டுக்கு ஆடுவது என்பதில்தான் வினை வந்தது.

நூலாவின் அப்பா பிடில் வாசிப்பாராம். அவள் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார். அவர் குசினியில் வாசித்த ஒரு ரீல் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதற்குப் பெயர் கிடையாது; மூன்று துண்டுள்ளது என்றுதான் வீட்டில் சொல்வார்களாம். மூன்றாவது துண்டு வரும்போது அவளுடைய அண்ணன்மார் அவளைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கிச் சுழற்றுவார்களாம். முதல் இரண்டு துண்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவதை முனகிக் காட்டச் சொன்னால் ஒவ்வொரு தரமும் வேறு மாதிரி முனகுவாள். நேற்று இப்படி, இன்றைக்கு அப்படி. பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, இல்லை இல்லை, இதுவும் இல்லை என்பாள். அண்ணன்மாரைக் கேட்டால், தூக்கினது மட்டும்தான் ஞாபகம், மெட்டு முனக வராது என்பார்களாம்.

டெட்லெஃபிடம் அந்த மெட்டு இருந்தது. தடித்த பழைய தொகுப்பொன்றில், 'ஈரக் காலுறை' என்ற பெயரில். அந்தப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. மெட்டுச் சேகரிக்கப் போன மனிதர் ஒரு கிழவரிடம் இதன் பெயர் என்ன என்று கேட்டாராம். மழைக்குள்ளால் வந்த கிழவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, காலுறை எல்லாம் ஈரம் என்று சொன்னாராம். வந்தவர் அதையே எழுதிக்கொண்டு போய்விட்டாராம். உண்மையோ தெரியாது. இந்த மெட்டுகளின் பெயர்கள் பாதி இப்படி வந்தவைதான்; ஒரே மெட்டு ஊருக்கு ஊர் வேறு பெயரில் திரியும், ஒரே பெயரில் சம்பந்தமில்லாத மூன்று மெட்டுகள் இருக்கும்.

விஷயம் என்னவென்றால், அந்த அச்சில் இரண்டு பாகம்தான் இருந்தது. டெட்லெஃப் அச்சை நம்புகிற ஆள். கருவிகளின் கையேட்டைக் கடைசிப் பக்கம்வரை வாசிக்கும் உலகின் ஒரே மனிதர். ரீலுக்கு இரண்டு பாகம்தான், மூன்றாவது உன்னுடைய கற்பனையாக இருக்கும், சின்னப் பிள்ளைகள் அப்படித்தான் ஞாபகம் வைப்பார்கள் என்று அன்பாகத்தான் சொன்னார்.

நூலா துருத்திப் பெட்டியை மூடிக் கொக்கியை மாட்டினாள். "அப்ப என்னைத் தூக்கினது ஆர்? புத்தகமோ?" என்றாள்.

அதன்பிறகு பேச்சு எங்கே எல்லாமோ போயிற்று. தன் அப்பாவிடமிருந்து அவளுக்கு மிஞ்சியது அந்த ஒரு துண்டுதான், அதையும் இவர் பிடுங்கப் பார்க்கிறார் என்றாள். மூன்றாவது துண்டு கிடைக்கும்வரைக்கும் கலியாணமும் இல்லை, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். அடுத்த புதன்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. தன் சினேகிதி வீட்டில் போய் இருக்கிறாள், அயர்லாந்துக்கே திரும்பிப் போய்விடுவாள் போல என்று டென்மார்க்காரன் சொன்னான்.

கடையில் டெட்லெஃப் நிலைகுலைந்து போயிருந்தார். இடது காதுக்கானதை வலது காதில் செருகப் பார்த்தார். புல்லாங்குழல் லாச்சியைத் திறப்பதே இல்லை. ஒருநாள் தேநீர் ஊற்றிக்கொண்டு நிற்கும்போது என்னிடம், "நான் சொன்னது பிழை எண்டு ஆரும் எனக்குக் காட்டினால் நல்லாயிருக்கும்" என்றார். நான் அப்போதுதான் அவரை உண்மையாகவே மதிக்கத் தொடங்கினேன். தன் பிழையை இவ்வளவு ஆசையோடு தேடிய மனிதரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

நாட்டார் இசைக்காரர் வாசிக்கும் ஒரு சஞ்சிகையில் அவர் சின்ன அறிவித்தல் கொடுத்தார். இந்த ரீலின் மூன்றாம் பாகம் தெரிந்தவர்கள் கடைக்குத் தொலைபேசி எடுக்கவும் என்று. கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை நான்தான் அழைப்பை எடுத்தேன். மறுமுனையில் ஒருவர் வணக்கம்கூடச் சொல்லாமல் முனகத் தொடங்கினார். எங்கள் கடைக்கு வருகிற அழைப்புகளில் விசித்திரமானவை அதிகம். ஆகவே, உங்கள் கருவி கீச்சிடுகிறதா, கழற்றிப் போட்டுப் பாருங்கள் என்று ஆறுதலாகச் சொன்னேன். அவர் முனகுவதை நிறுத்தவில்லை. அப்போதுதான் என் கையில் மயிர் எழும்பி நின்றது. ஈரக் காலுறை. முதல் பாகம், இரண்டாம் பாகம், பிறகு நான் கேட்டேயிராத ஒரு திருப்பம்.

அவர் ஹெர் ஓஸ்டர், எங்கள் முறையில் திரு ஓஸ்டர். பான் நகரில் இருந்தார். ஓய்வுபெற்ற பல் வைத்தியர், பழைய அரக்கு இசைத்தட்டுகள் சேகரிப்பவர். அந்த மெட்டு அவரிடம் 'படகுக்காரனின் காலைச் சாப்பாடு' என்ற பெயரில் இருந்தது. தட்டைத் தபாலில் அனுப்ப மாட்டார், ஒலிப்பதிவு செய்தும் தரமாட்டார். வந்து கேளுங்கள், என் மனைவி கேக் செய்வாள் என்றார்.

நூலாவை அழைத்துவரும் வேலை என் தலையில் விழுந்தது. அவள் டெட்லெஃபோடு ஒரே ரயிலில் வர ஒத்துக்கொண்டாள். ஒரே பெட்டியில் வர ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே ஹம்பேர்க்கிலிருந்து பான்வரை நான் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் சாண்ட்விச்சும் செய்தியும் காவிக்கொண்டு நடந்தேன். அவர் சாப்பிட்டாரா என்று அவள் கேட்பாள். அவள் சிரித்தாளா என்று அவர் கேட்பார். கோல்ன் நகரைத் தாண்டும்போது இரண்டு பேருக்கும் வயிறு நிறைந்திருந்தது, எனக்குக் கால் வீங்கியிருந்தது.

ஹெர் ஓஸ்டர் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். பழைய கட்டடம், பலகைத் தரை. யாராவது காலால் தட்டினால் ஊசி துள்ளித் தட்டில் கோடு விழும் என்றார். அந்த வீட்டுக்கு ஒரேயொரு சட்டம்: இசை கேட்கும்போது காலால் தாளம் போடக்கூடாது. ரீல் வாசிப்பவர்களிடம் போய்க் காலை ஆட்டாதே என்பது மீனிடம் நனையாதே என்பது மாதிரி. முதல் தரம் ஊசி வைத்ததும் நூலாவின் குதிக்கால் தன்பாட்டில் எழும்பியது. ஊசி துள்ளியது. ஹெர் ஓஸ்டரின் முகம் பல் பிடுங்கினது மாதிரிப் போயிற்று. இரண்டாம் தரம் டெட்லெஃப். கடைசியில் ஹெர் ஓஸ்டரின் மனைவி குஷன்கள் கொண்டுவந்து, எங்கள் மூன்று பேரையும் நீள இருக்கையில் வரிசையாக இருத்தி, கால்களை முன்னால் இருந்த முக்காலியில் தூக்கி வைக்கச் சொன்னார். ஆறு காலுறைகள் ஆகாயத்தில். என்னுடையதில் ஓட்டை. டெட்லெஃபும் நூலாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டியதாயிற்று, இருக்கை அவ்வளவுதான்.

ஊசியை வைக்கமுன் ஹெர் ஓஸ்டர் சொன்னார்: அயர்லாந்தை விட்டு அமெரிக்கா போனவர்களுக்காக நியூயோர்க்கில் இப்படித் தட்டுகள் அடித்தார்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்கள், கட்டட வேலைக்காரர், ஊரை நினைத்து ஏங்கினவர்கள் எல்லாம் வாங்கினார்கள். பிறகு அந்தத் தட்டுகள் பெட்டிகளுக்குள் அடுக்கி ஊருக்கே திரும்பிப் போயின. ஊரில் ஆளுக்கொரு மாதிரி வாசித்துக்கொண்டிருந்தவர்கள் தட்டைக் கேட்டபிறகு, அதுதான் சரியாக்கும் என்று தட்டு மாதிரியே வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அதைக் கேட்கச் சிரிப்பு வந்தது. கொழும்பு வானொலியில் கேட்டபிறகு எங்கள் ஆட்கள் தங்கள் பேச்சையே திருத்திக்கொண்டதை அப்பா சொல்லியிருக்கிறார்.

ஊசி இறங்கியது. முதலில் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரிச் சத்தம். அதற்குள்ளிருந்து பிடில். மனிதர் வாசித்தார் பாருங்கள், எங்கள் கால்விரல்கள் எல்லாம் ஆகாயத்தில் துடித்தன. முதல் பாகம், இரண்டாம் பாகம், திரும்பவும் முதல், திரும்பவும் இரண்டு, இப்படியே பல சுற்று. பிறகு, யாரும் எதிர்பாராத ஒரு கணத்தில், மெட்டு ஒரு படி மேலே ஏறியது. மூன்றாம் பாகம். நூலா என் கையைப் பிடித்த பிடியில் என் மோதிரம் விரலுக்குள் புதைந்தது.

பாதியில் நின்றுவிட்டது. நாலு தாளக்கட்டு வாசித்திருப்பார், அவ்வளவுதான். ஒரு சுரத்தை அவசரமாக இழுத்து முடித்தார். பிறகு வெறும் கரகரப்பு. மூன்று நிமிடத்துக்குமேல் ஒரு பக்கத்தில் பிடிக்காது என்று ஹெர் ஓஸ்டர் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். நேரம் முடிந்தால் ஒலிப்பதிவுக் கூடத்தில் சிவப்பு விளக்குப் போட்டுக் காட்டுவார்களாம்.

டெட்லெஃப் கால்களைத் தூக்கியபடியே நூலாவின் பக்கம் திரும்பினார். "இருக்குது. நான் பிழை. நீர் சொன்னதுதான் சரி" என்றார். அவ்வளவு சந்தோஷமாகத் தோற்ற மனிதரை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். நூலா சிரிக்கத் தொடங்கினாள். பிறகு அது அழுகையாயிற்று, பிறகு திரும்பவும் சிரிப்பு. ஹெர் ஓஸ்டரின் மனைவி பிளம்ஸ் கேக் வெட்டினார். இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று கேட்டுக் கேட்டு அந்த ஊசியையே மாற்றவேண்டி வந்தது. திரும்பி வரும்போது இருவரும் ஒரே பெட்டியில் ஏறினார்கள். நான் மற்றப் பெட்டியில் போய் இருந்து நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

ஆனால் மூன்றாம் பாகத்தின் மிச்சப் பாதி எங்குமே இல்லை. அச்சிலும் இல்லை, தட்டிலும் இல்லை. கலியாணத்தில் கிடைத்த பாதியை வாசித்துவிட்டு நேரே முதல் பாகத்துக்குத் திரும்புவது என்று முடிவாயிற்று. பயிற்சி செய்து பார்த்தோம். படியிறங்கும்போது ஒரு படி காணாமல் போன மாதிரி இருந்தது. வேறு வழியில்லை என்று விட்டுவிட்டோம்.

கலியாண விருந்து வைகாசியில், வீட்டுத்தோட்டக்காரர் சங்கத்தின் மண்டபத்தில் நடந்தது. சுற்றிவர லைலாக் பூத்திருந்தது. அம்மாவையும் அழைத்திருந்தார்கள். வெறுங்கையோடு போகக்கூடாதென்று அம்மா ஆட்டிறைச்சி றோல்ஸ் பெரிய பாத்திரம் நிறையச் செய்துகொண்டு வந்தார். அயர்லாந்திலிருந்து வந்த நூலாவின் அண்ணன்மார் அதைச் சுற்றி நின்றுகொண்டு நகரவே இல்லை.

மெட்டுத் தொடங்கியது. நான் பிடில், டென்மார்க்காரன் கித்தார், இன்னும் இரண்டு மூன்று பேர். டெட்லெஃப் நிலைப்படிக்குக் குனிகிற அதே மாதிரிக் குனிந்து அவளோடு ஆடினார். மூன்றாம் பாகத்தில் மெட்டு மேலே ஏறியதும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, நரைத்த தலையோடு அந்த அண்ணன்மார் இரண்டு பேரும் ஓடிவந்து நூலாவைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். அவளுடைய கால் நிலத்தில் இல்லை. எங்களிடம் மெட்டு முடிந்துவிட்டது. அந்தரத்தில் நிற்கிற மனுசியை எப்படி இறக்குவது?

என் மூளை ஒன்றும் செய்யவில்லை. விரல்கள்தான் செய்தன. சனிக்கிழமை வகுப்பில் ஜண்டை வரிசை அடித்து அடித்துப் பழகின விரல்கள். ஸஸ ரிரி கக மம, பப தத நிநி ஸஸ. ஏறினபடியே இறங்கி வருவது. மாயாமாளவகௌளையில் பழகினதை அந்த மெட்டுக்கு ஏற்றமாதிரி, சங்கராபரணமாக, விரல்கள் தாங்களாகவே இடம் மாற்றி வைத்துக்கொண்டன. அளவெடுத்துத் தைத்ததுபோலச் சரியாக நாலு தாளக்கட்டு. ஏறும்போது நூலா சுழன்றாள், இறங்கும்போது இறங்கினாள். முதல் பாகத்தின் முதல் சுரத்தில் அவளுடைய கால் நிலத்தில் பட்டது. மண்டபம் முழுக்கக் கத்தியது. இரண்டாம் சுற்றில் மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் நிறுத்தவேயில்லை. அம்மாகூட றோல்ஸ் பாத்திரத்தின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கிழவரோடு சுழன்றார். என்னைக் கடந்து போகும்போது, "அடி, அது உங்கட வகுப்புப் பாடமெல்லே" என்றார்.

மெட்டு முடிந்ததும் நூலா ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிப்பிடித்தாள். அதுதான், அதேதான், அப்பா வாசித்தது அதுவேதான் என்றாள். நான் பதறிப்போய், இல்லை நூலா, இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் ஆரம்பப் பாடம், எல்லாக் குழந்தையும் வாசிப்பது என்றேன்.

"அப்ப அப்பாவும் அந்த வகுப்புக்குப் போயிருப்பார்" என்றாள்.

அங்கே வந்திருந்த உறவினர் ஒருவர் அன்றைய வாசிப்பை ஒலிப்பதிவு செய்து ஊருக்குக் கொண்டுபோனார். சில வருடங்கள் கழித்து அங்கே அச்சான ஒரு சின்ன மெட்டுத் தொகுப்பை நூலா எனக்குக் காட்டினாள். ஈரக் காலுறை, மூன்று பாகம், இயற்றியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மரபு. எங்கள் ஜண்டை வரிசை கறுப்பு மையில் அழகாக உட்கார்ந்திருந்தது. இப்போது இணையத்தில் அது பரவிக் கிடக்கிறது. அதன் மூன்றாம் பாகம் மிகப் பழையது என்றும், பிற்காலத்தவருக்கு இப்படி எழுத வராது என்றும் யாரோ இருவர் பக்கம் பக்கமாக விவாதிக்கிறார்கள். நான் ஒருதரம் உண்மையை எழுதிப் போட்டேன். நல்ல பகிடி என்று ஒருவர் பதில் போட்டார்.

ஹெர் ஓஸ்டர் இப்போது இல்லை. தட்டுகள் யாரிடம் போயின என்று தெரியவில்லை. ஆல்டோனாவில் அந்த மதுக்கடை இருந்த இடத்தில் நகத்துக்கு நிறம் பூசுகிறார்கள். டெட்லெஃப் கடையை விற்றுவிட்டு நூலாவோடு மேற்குக் கரைக்கே போய்விட்டார். போன கோடையில் அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். கடல் காற்றுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு குசினியில் இருந்தோம். கலியாணத்துக்கு முதல் நீ மூன்றாம் துண்டை முனகுவாயே, ஒவ்வொரு தரமும் வேறு மாதிரி, அதை ஒருக்கால் முனகிக் காட்டு என்று நூலாவைக் கேட்டேன்.

அவள் கண்ணை மூடினாள். தட்டில் கேட்ட பாதியை முனகினாள். அதற்குப் பிறகு ஒரு தடுமாற்றமும் இல்லாமல், ஒரு சுரம் பிசகாமல், ஸஸ ரிரி கக மம என்று ஏறி அழகாக இறங்கி வந்தாள். வேறு ஏதாவது வருகிறதா, நல்லாக யோசித்துப் பார் என்றேன். திரும்பவும் முனகினாள். திரும்பவும் அதுவே வந்தது. அவளுடைய அப்பா என்ன வாசித்தார் என்பது, தப்புத் தப்பாகவேனும் அது இருந்த ஒரே தலைக்குள்ளும் இப்போது இல்லை.

"சரியாத்தானே வருது?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"ஓம்" என்றேன். டெட்லெஃப் புல்லாங்குழலை எடுத்தார்.